வானம் ஏறாத எண்ணெய்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீர்ச்சுழற்சிப் படம் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து ஓர் அம்புக்குறி மேலே போகும். அங்கே மேகம். மேகத்திலிருந்து இன்னோர் அம்புக்குறி மலைமேல் இறங்கும். படம் மனசில் பதிந்த ஒருவருக்கு, கடலில் எண்ணெய் கொட்டியது என்ற செய்தியைப் படித்ததும் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. கடல்நீர் மேலே போகிறது என்றால் அதில் மிதக்கிற எண்ணெயும் கூடவே போகாதா? போனால் மழையில் வந்து பயிர்மேல் விழாதா?

கேட்கிறவரைச் சிரித்து அனுப்பிவிட முடியாது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து, 87 நாள் கடலடியிலிருந்து எண்ணெய் பீறிட்டபோது, அமெரிக்காவில் இதே பேச்சு கிளம்பியது. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, மெம்பிஸ் நகரப் பக்கத்து வயல்களில் இலைகளில் புள்ளி விழுந்தபோதுகூட, "எண்ணெய் மழை" என்றவர்கள் இருந்தார்கள். எண்ணெயைக் கரைக்கக் கடலில் ஊற்றிய சுமார் 70 லட்சம் லிட்டர் ரசாயனமும் மழையோடு வருகிறது என்று இன்னொரு கூட்டம் சொன்னது. எண்ணெயும் அந்த ரசாயனமும் ஆவியாகி நீர்ச்சுழற்சியில் கலக்கும் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை மறுத்தது. மறுப்பால் பேச்சு ஓய்ந்துவிடவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே நடந்தது. 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. குஜராத்தின் ஹசீராவிலிருந்து வந்த கப்பல். 1,486 பெட்டகங்கள், அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலம், எரிபொருள் தொட்டியில் ஏறத்தாழ 300 டன் எண்ணெய். கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது இலங்கையின் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, லேசான அமில மழை பெய்யக்கூடும், கரையோர மக்கள் மழையில் நனையாதீர்கள் என்று எச்சரித்தது. அந்தக் கப்பலுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஏறத்தாழ 260 கிலோமீட்டர் மன்னார் வளைகுடாக் கடல்தான். மழைக்கும் கப்பலுக்கும் முடிச்சுப் போட்டது இம்முறை ஊர்வாய் அல்ல, ஓர் அரசு அமைப்பு.

ஆக, "மழையில் வருமா" என்பது ஒரே கேள்வி அல்ல. எண்ணெய் வருமா, எண்ணெயின் ஆவி வருமா, எண்ணெயின் புகை வருமா என்று மூன்று. மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

உப்பளத்தில் மேலே போவது எது

தூத்துக்குடிக்கு வடக்கே, மாப்பிள்ளையூரணியைத் தாண்டித் தருவைகுளம் போகிற வழியெல்லாம் உப்பளங்கள். நீர்ச்சுழற்சிப் படத்தின் முதல் அம்புக்குறியைத் தரையில் நின்றபடியே பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீரைப் பாத்தியில் விட்டால், வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அதை ஒரு லிட்டராகச் சுண்ட வைக்கும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். அடர்த்தி டிகிரி பார்க்கிற குழாயை மிதக்கவிட்டால் 24, 25 காட்டுகிற பக்குவம் அது. போன ஒன்பது லிட்டரும் வானத்துக்குத்தான் போயிற்று. அதோடு போன உப்பு? அநேகமாக எதுவும் இல்லை. 350 கிராமும் பாத்தியிலேயே நிற்கிறது. அதை வாரித்தான் அம்பாரம் போடுகிறார்கள்.

காரணம் எளிது. ஆவியாவது என்றால் தண்ணீர் மொத்தமாக எழும்பிப் போவதில்லை. மூலக்கூறு மூலக்கூறாக, தனித்தனியே பிரிந்து காற்றுக்குள் போகிறது. பக்கத்தில் யார் இருந்தாலும் கைபிடித்துக் கூட்டிப் போவதில்லை. உப்பு பிரிந்து எழும்ப 30 டிகிரி வெப்பமெல்லாம் எந்த மூலைக்கும் போதாது. ஒவ்வொரு பொருளும் தன் சொந்த பலத்தில்தான் மேலே ஏற வேண்டும்.

இங்கே விவரமான வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: "ஊட்டியில் யூகலிப்டஸ் தைலம் நீராவியில்தானே வடிக்கிறார்கள்? அங்கே நீராவி எண்ணெயைத் தூக்கி வருகிறதே?" உண்மைதான். ஆனால் அங்கே தண்ணீர் கொதிக்கிறது. தைலமும் அதன் வாசனையே சொல்வதுபோல் எளிதில் ஆவியாகிற சாதி. மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு எந்தக் கோடையிலும் கொதிப்பதில்லை. கப்பல் எண்ணெயும் தைலம் அல்ல.

ஒரு பெயர், பல சரக்கு

எண்ணெய் என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோமே தவிர, கச்சா எண்ணெய் ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள், வளையங்கள். ஹைட்ரோகார்பன் என்பது இவற்றின் பொதுப்பெயர். சங்கிலி குட்டையானால் பெட்ரோல்போல் மூடியைத் திறந்ததும் பறக்கும். நீளம் கூடினால் மண்ணெண்ணெய், டீசல். இன்னும் நீண்டால் சித்திரை வெயிலில் இளகினாலும் இடத்தைவிட்டு நகராத தார்.

கடலில் கொட்டியதும் இந்தக் கலவை தானாகவே பிரிய ஆரம்பிக்கிறது. இலேசான கச்சா எண்ணெய் என்றால் முதல் ஓரிரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட ஆவியாகிவிடும். கப்பல்களின் எஞ்சினுக்கு ஊற்றும் கனத்த உலை எண்ணெய் என்றால் பத்தில் ஒரு பங்கு போவதே அதிகம். மிச்சம் கடல்நீரோடு அடித்துக் கலங்கி, பழுப்புக் குழம்பாகி, கடைசியில் கீல் உருண்டைகளாகக் கரையில் ஒதுங்கும்.

ஆகவே, எண்ணெய் ஆவியாகவே ஆகாது என்று அடித்துச் சொல்கிறவர்களும் பாதிதான் சரி. 2010 ஜூனில் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தன் ஆய்வு விமானத்தை எண்ணெய்ப் பரப்புக்கு மேலே பறக்கவிட்டு அளந்து பார்த்தது. மிக இலேசான பொருள்கள் கசிவிடத்தை ஒட்டியே, சில மணி நேரத்துக்குள் எழும்பிவிடுகின்றன. அடுத்த படியில் இருப்பவை மெதுவாக, அகன்ற பரப்பிலிருந்து எழும்புகின்றன. இந்த இரண்டாம் வகைதான் வெயிலில் மாற்றமடைந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகிறது. அவை மழையில் கழுவப்படவும் செய்யும். மூக்கால் அறிய முடிகிற, கருவியால் அளக்க முடிகிற காற்று மாசு இது. பயிரைப் பொசுக்குகிற அளவுக்கு வருமா என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும்.

ஐம்பதுக்கு ஐம்பது கிலோமீட்டர்

தூத்துக்குடிக்கு எதிரே கடலில் ஒரு கப்பலிலிருந்து 100 டன் உலை எண்ணெய் கொட்டியதாக வைத்துக்கொள்வோம். பயத்தின் பக்கமே சாய்ந்து கணக்குப் போடலாம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 டன், முழுக்க ஆவியாயிற்று. காற்று அதைக் கரைப்பக்கமே தள்ளிற்று. 50 கிலோமீட்டர் நீளம், 50 கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள காற்றுப் பெட்டிக்குள் அது பரவி நிற்கிறது. மாப்பிள்ளையூரணியிலிருந்து மேற்கே கரிசல்காடு வரைக்கும் இதற்குள் அடங்கும்.

இப்போது ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் எண்ணெய் ஆவி 4 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

மழை பெய்கிறது, ஒரு சென்டிமீட்டர். இந்த ஆவி எவ்வளவு மழைநீரில் இறங்கும்? எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒட்டாது என்பது ஆவிக்கும் பொருந்தும். எண்ணெயின் ஆவிகளில் தண்ணீரோடு கொஞ்சமாவது ஒட்டுவது பென்சீன் வகையறாதான். நம் 4 மைக்ரோகிராமும் பென்சீனே என்று வைத்தால்கூட, காற்றோடு சமநிலைக்கு வந்த ஒரு கன மீட்டர் மழைநீரில் சுமார் 20 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 0.02 மைக்ரோகிராம் ஆயிற்று. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கணக்கு அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. நீண்ட சங்கிலி ஆவிகள் இதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் கரையும்.

போதவில்லையா? இயற்கை விதிகளையே தள்ளி வைப்போம். 10 டன்னும் ஒரு சொட்டு பாக்கியில்லாமல் அந்த ஒரே மழையில் இறங்கிவிட்டது என்று கொள்வோம். அந்த மழையின் அளவு 2,500 கோடி லிட்டர். லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் எண்ணெய். இதைப் பயிர் எப்படி எடுத்துக்கொள்ளும்? எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் செதில்பூச்சியைக் கொல்லப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்திய எண்ணெயையே தண்ணீரில் ஒரு சதவீதம் கலந்து இலைமேல் தெளிக்கிறார்கள். அது லிட்டருக்குச் சுமார் 10 கிராம். நம் எண்ணெய் மழையைப்போல் 25,000 மடங்கு. தெளிப்பு எண்ணெயில் விஷமான வளையச் சேர்மங்களை நீக்கியிருப்பார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது.

இன்னொன்றையும் கணக்கில் விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். இந்த ஆவிகளை வெயில் சும்மா விடாது. பகலில் காற்றிலேயே உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற வேகம் மிகுந்த மூலக்கூறுத் துண்டு, ஹைட்ரோகார்பன்களை ஓயாமல் அரித்துத் தின்கிறது. நீண்ட சங்கிலிகளுக்கு ஒரு நாளே அதிகம். பென்சீனுக்குச் சில நாள், ஒரு வாரம் ஆகலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே, ஜூனில் தூத்துக்குடிப் பக்கம் மழையே அபூர்வம். இங்கே மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. எக்ஸ்-பிரஸ் பேர்லிலிருந்து எழுந்த எந்த ஆவியும் அதுவரை வானத்தில் காத்திருந்திருக்காது.

தீ வைத்தால் கதை வேறு

எரிந்தால் மட்டும் எண்ணெய் எவ்வளவு கனமானதானாலும் வானம் ஏறும். எண்ணெயாக அல்ல, கரித்தூளாகவும் கந்தக, நைட்ரஜன் வாயுக்களாகவும்.

1991-இல் குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆயிற்று. அந்தப் பிரதேசத்தில் கறுப்பு மழை பெய்தது, ஈரானிலும் பெய்தது. குவைத்தில் எண்ணெயே துளித்துளியாக வானத்திலிருந்து விழவும் செய்தது. எரியாத கிணறுகளிலிருந்து பூமிக்குள்ளிருக்கும் அழுத்தம் எண்ணெயைப் பீய்ச்சியடித்ததால் வந்த தூறல் அது. கரியும் எண்ணெயும் மணலோடு இறுகி அந்நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதத்தைத் தார்ப் பத்தாக மூடின. உலகத்தில் எண்ணெய் மழை என்று சொல்லத் தகுந்தது ஒன்று பெய்ததென்றால் அது இதுதான். அதுவும் நீர்ச்சுழற்சியின் வழியாக வரவில்லை.

கொழும்பின் அமில மழை எச்சரிக்கையை நம் பெட்டிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். கப்பலிலிருந்த 25 டன் நைட்ரிக் அமிலமும் அதே 2,500 கோடி லிட்டர் மழையில் கலந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். தூய மழைநீரே காற்றின் கரியமில வாயுவால் சற்றுப் புளிப்புதான். அமில அளவுகோலில் 5.6. இது அதை 4.8-க்கு இறக்கும். "லேசான அமில மழை" என்று அந்த அமைப்பு சொன்னது சரியான சொல். இலையில் கண்ணுக்குத் தெரியும் புள்ளி விழ, சோதனைகளில் 3.5-க்கும் கீழே போக வேண்டியிருக்கிறது. கப்பலுக்கு வெகு பக்கத்தில், புகை அடர்ந்த இடத்தில் பெய்யும் தூறல் இதைவிடக் காரமாக இருக்கலாம் என்பதால் எச்சரித்ததில் தப்பில்லை. நைட்ரிக் அமிலம் மண்ணில் விழுந்தால் நைட்ரேட் ஆகிவிடும். அந்த 25 டன்னில் இருக்கும் தழைச்சத்தைப் பெட்டிப் பரப்புக்குப் பங்கு வைத்தால் ஹெக்டேருக்கு 22 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோ இருக்கிறது.

தூத்துக்குடிக்காரர்கள் காற்றைச் சந்தேகப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2013 மார்ச்சில் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று ஊரெல்லாம் புகார் எழுந்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அங்கிருந்த தாமிர உருக்காலையை மூடச் சொன்னது. 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் ஆலை நிலையாக மூடப்பட்டது. உருக்காலைகள் விடும் கந்தக டை ஆக்சைடு மழையைப் புளிப்பாக்கும், பக்கத்துப் பயிரைக் கருக்கும். இது நிறுவப்பட்ட விஷயம். கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தை 2020-இலிருந்து 0.5 சதவீதமாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு குறைத்ததும் இதற்காகத்தான். கடலில் கொட்டுகிற எண்ணெயைவிட, அன்றாடம் எஞ்சினில் எரிகிற எண்ணெய்தான் மழையில் அதிகம் கை வைக்கிறது. அதற்கு யாரும் செய்தி போடுவதில்லை.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

சரி, இலையில் புள்ளி விழுந்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

மழை ஆள் பார்த்து நனைக்காது. மழையில் விஷம் வந்திருந்தால் உளுந்தும் நனையும், வரப்பில் நிற்கிற எருக்கும் நனையும், கிணற்றடி வேம்பும் நனையும். எல்லாவற்றிலும் மேலே பார்த்த இலைகளில் ஒரே நாளில் தழும்பு தெரிய வேண்டும். உளுந்து மட்டும் பாதித்து எருக்கு பச்சையாக நின்றால் மழையை விட்டுவிடலாம்.

உளுந்தில் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி, மஞ்சள் திட்டு பச்சையோடு கலந்து பரவினால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ சுமந்து வரும் வைரஸ். மக்காச்சோளக் குருத்தில் ஓட்டையும் மரத்தூள் மாதிரி எச்சமும் இருந்தால், 2018-இலிருந்து நம் மானாவாரிக் காடுகளைப் படுத்துகிற படைப்புழு. இலை நுனியும் ஓரமும் மட்டும் கருகி, கடலைப் பார்த்த பக்கம் அதிகமாக இருந்தால் உப்புக்காற்று. அலை உடையும்போது தெறிக்கிற திவலைகளைக் காற்று தூக்கி வருவதுதான் அது. எண்ணெய் நீரிலிருந்து கரைக்குப் பறந்து வர ஒரு நேர்வழி உண்டென்றால் இந்தத் திவலைதான். எண்ணெய் மிதக்கும் நேரத்தில் புயலும் அடித்தால் கரையோரத் தென்னையிலும் தாழையிலும் பிசுக்கு ஒட்டலாம். உள்ளே போகப்போக வேகமாகக் குறைந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது பக்கத்துக் காட்டுக் களைக்கொல்லி. பாராகுவாட் சாரல் அடித்தால் துளி பட்ட இடத்தில் மட்டும் ஓரிரு நாளில் வெளிறிக் காயும். மழைத்துளி விழுந்த தழும்பு என்றே தோன்றும். ஆனால் காற்று வந்த பக்கத்து வரப்பில் அடர்த்தியாக இருந்து உள்ளே வர வர மங்கும். பிறகு வரும் தளிர் சுத்தமாக இருக்கும். சோளக்காட்டுக்கு அடித்த 2,4-டி பறந்து வந்தால் பருத்தி இலை அகலம் இழந்து விரல் விரலாகச் சுருங்கும். மழைக்கு முந்தின நாள் பக்கத்தில் யார் மருந்து அடித்தார்கள் என்று விசாரிப்பது பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டையில் முடியும். கடல்மேல் பழி போட்டால் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. எண்ணெய் மழைப் பேச்சு இவ்வளவு சுலபமாகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேங்கிய தண்ணீரில் வானவில்

மழை விட்டதும் தெருவில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம் ஓடுவதைக் காட்டி, "இதோ பாருங்கள்" என்பார்கள். எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலே நிறம் காட்டும். ஒரு தேக்கரண்டி டீசல் பதினாறு சதுர மீட்டர் தண்ணீரை வானவில்லாக்கப் போதும். லாரி நின்ற இடத்தில் அவ்வளவு சிந்தியிருப்பது பெரிய காரியமா?

வயலிலும் ஓடைக்கரையிலும் தெரியும் வானவில் பெரும்பாலும் எண்ணெயே அல்ல. நீரிலுள்ள இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் விரித்த ஆடை. ஒரு குச்சியால் கீறுங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லாக உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். எண்ணெய் என்றால் கீறிய கோடு கண்ணெதிரே மூடிக்கொண்டு நிறங்கள் மறுபடி ஒன்றுசேரும்.

எண்ணெய் நடந்து வரும் வழி

நிலத்துக்கு எண்ணெய் வராது என்று இதற்குப் பொருளில்லை. வரும், ஓடை வழியாக.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை போனது. எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்தபோது எவ்வளவு உயரம் நின்றதென்று சுவரில் கறுப்புக் கோடு காட்டியது. படகு, வலை, கூழைக்கடாக்களின் இறகு எல்லாவற்றிலும் எண்ணெய். அலையாத்திச் செடிகளுக்குத்தான் மோசமான அடி. மண்ணுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்களை எண்ணெய் பூசினால் செடிக்கு மூச்சு முட்டும். அங்கே மழைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது எண்ணெயைக் கொண்டுவந்த மழை அல்ல, தரையில் கிடந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போன மழை.

அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தூத்துக்குடியே தண்ணீரில் கிடந்தது. துறைமுகம், கிட்டங்கி, லாரி நிறுத்தம், மீன்பிடித் துறை என்று எண்ணெய் புழங்கும் இடங்கள் நிறைந்த ஊர். வெள்ளம் போகிற வழியில் ஒரு தொட்டி கவிழ்ந்தால் பக்கத்து நிலத்தின் மண் இடுக்குகளில் எண்ணெய் இறங்கும். வேருக்குக் காற்று போகாது; தண்ணீர் மண்ணில் ஒட்டாமல் வழியும். எண்ணெயைத் தின்னும் மண் பாக்டீரியாக்கள் பெருகி, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்து, உரமிட்டு, அவற்றை வேகமாகத் தின்னவிடுவதுதான் வைத்தியம். மாதக்கணக்கு ஆகும்.

எனவே கடலில் கசிவு என்று சேதி வந்தால், மொட்டைமாடியில் பாத்திரம் வைத்து மழைநீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும் ஓடையின் வாயைப் பார்க்க வேண்டும். உப்பளத்துக்காரர் மோட்டாரை நிறுத்தி மதகை அடைக்க வேண்டும். பாத்தியில் எண்ணெய் இறங்கிவிட்டால் மேலே போகாது, சுண்டச் சுண்ட உப்போடு சேர்ந்து அங்கேயேதான் படியும்.